கடன்பட்ட ஊதுகுழல்

சென்ற உரை ஒலிபரப்பான பின்னர் நேயர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். கலை இலக்கிய நிகழ்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு நாவல், சிறுகதை, கவிதையோடு நில்லாமல் சினிமாவுக்கும் ஓவியத்துக்கும் போகிறீர்களே, அடுத்த வாரம் மேனாட்டு வாத்தியக்காரர் ஒருவரையும் கூட்டி வருவீர்களோ என்பது அவருடைய கேள்வி. கேலியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கடிதம் வந்த வேளையில் நான் உண்மையாகவே ஒரு ட்றம்பெட் வாத்தியக்காரரைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே கேலியை அழைப்பாகவே ஏற்றுக்கொள்கிறேன்.

அவர் பெயர் ஜோன் ஹஸெல். 1937 மார்ச்சில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிறந்தவர். 2021 ஜூனில், 84ஆவது வயதில் காலமானார். ஜாஸ் இரசிகர்களிடம் கேட்டால் இவர் ஜாஸ் வாசித்தாரா என்று சந்தேகப்படுவார்கள். இலத்திரனியல் இசைக்காரர்கள் இவரைத் தங்களுள் ஒருவர் என்பார்கள். இந்துஸ்தானி சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்டால், இந்த மனிதர் எங்கேயோ ஒரு கானாசிரியரிடம் முறையாக உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று பேரும் சொல்வது சரியே.

நான் இவரை அறிந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1986ஆம் ஆண்டளவில் கனடாவிலிருந்து ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் ஒரு கசற் தந்துவிட்டுப் போனார். மேலுறை இல்லை. யாரோ பேனாவால் ‘நான்காம் உலகம் - 1’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். போட்டுக் கேட்டபோது அதில் முதலில் வந்த ஒலி என்ன வாத்தியத்தினுடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. குழலா? சங்கா? தூரத்தில் யாரோ வாயைத் திறவாமல் பாடுகிறாரா? மூச்சுக் காற்று கேட்கிறது. ஸ்வரம் அந்தக் காற்றுக்குள் மெல்ல உருவாகிக் கரைகிறது. அடியில் தோல் வாத்தியமும் மண் வாத்தியமும் சேர்ந்தாற்போல் ஒரு தாளம். எங்களூரில் அப்போது இருந்த நாதஸ்வர வித்துவான் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். “தம்பி, இது சீவாளி வைச்ச வாத்தியம் இல்லை. ஆனா ஊதுறவருக்கு வாய்ப்பாட்டுத் தெரியும்” என்றார். சற்றுப் பொறுத்து, “அடியிலை கேக்கிறது கடம் எல்லே? ஆர் வாசிக்கிறது?” என்று கேட்டார். உறையில்லாத கசற்றில் நான் எதைப் பார்த்துச் சொல்வது?

வாய்ப்பாட்டுத் தெரியும் என்று வித்துவான் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்துகொண்டேன்.

ஹஸெல் ட்றம்பெட்டை மேனாட்டு முறைப்படி கற்றவர். றொச்செஸ்ரர் நகரில் உள்ள ஈஸ்ற்மன் இசைக் கல்லூரியின் மாணவர். 1960களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் கொலோன் நகருக்குப் போய், கார்ல்ஹைன்ஸ் ஸ்ரொக்ஹவுஸனிடம் படித்தார். வானொலி நேயர்களுக்கு இதில் சிறிது பெருமைப்பட இடமுண்டு. இலத்திரனியல் இசை என்று நாம் இன்று சொல்வதன் தொட்டில்களில் ஒன்று கொலோன் நகர வானொலி நிலையத்தின் கலையகம். ஒலிநாடாவை வெட்டி ஒட்டியும், அலைகளைப் பிறப்பிக்கும் கருவிகளைக் கொண்டும், வாத்தியமே இல்லாமல் அங்கே இசை சமைத்தார்கள். ஸ்ரொக்ஹவுஸன் 1966 இல் ஜப்பானிய வானொலியின் கலையகத்தில் இருந்து ‘ரெலிமியூஸிக்’ என்ற ஆக்கத்தைச் செய்தார். ஜப்பானிய அரசவை இசையும் பாலித்தீவு இசையும் வேறு பல நாட்டு ஒலிப்பதிவுகளும் அதில் இலத்திரனியல் ஒலிகளோடு உருக்கிச் சேர்க்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் ஹஸெல் போன வழிக்கு இது ஒரு கைகாட்டி எனலாம்.

அமெரிக்கா திரும்பியபின் ரெறி றைலி என்ற இசையமைப்பாளரைச் சந்தித்தார். றைலியின் புகழ்பெற்ற ‘இன் சீ’ என்ற ஆக்கம் 1968 இல் முதன்முதலாக இசைத்தட்டானபோது அதில் ட்றம்பெட் வாசித்தவர் ஹஸெல்தான். றைலியும் அவருடைய நண்பர் லா மொன்ரே யங்கும் ஒரு குருவைப் பிடித்திருந்தார்கள். அவர் பண்டிட் பிரான் நாத். ஹஸெலும் அந்தக் குருவிடம் போய்ச் சேர்ந்தார்.

பிரான் நாத் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம். லாகூரில் 1918 இல் பிறந்தவர். சங்கீதத்துக்காகச் சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறியவர். கிரானா கரானாவின் அப்துல் வாஹித் கானிடம் பணிவிடை செய்து பாட்டுக் கற்றவர். டெஹ்ராடூன் அருகே தப்கேஷ்வர் என்ற குகைக் கோயிலில் சில ஆண்டுகள் துறவியாக வாழ்ந்து சிவனுக்குப் பாடியவர். பின்னர் அகில இந்திய வானொலியில் பாடினார், டில்லி பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், 1970 இல் அமெரிக்கா போனார். 1996 இல் அங்கேயே காலமானார். கிரானா என்றவுடன் எங்கள் வாசகர்களுக்கு அப்துல் கரீம் கானின் பெயர் நினைவுக்கு வரும். அப்துல் வாஹித் கானின் உறவினர் அவர். மைசூர் சமஸ்தானத் தொடர்பினால் கர்நாடக சங்கீதத்தில் ஈடுபட்டு, ஸ்வரம் பாடும் வழக்கத்தை வடக்கே பரப்பியவர். 1937 இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் புகையிரத நிலையத்தில் உயிர் நீத்தார். தென்னாட்டின் வாசனை ஏறிய அந்தப் பாடல்முறைதான் கைமாறிக் கைமாறி மெம்பிஸ் நகரத்து ட்றம்பெட்டுக்குள் புகுந்தது.

புகுந்தது என்று இலேசாகச் சொல்லிவிட்டேன். அது எத்தனை கடினம் என்பதை விளக்க வேண்டும். ட்றம்பெட் என்பது சுருட்டி வளைத்த ஒரு பித்தளைக் குழாய். சீவாளி கிடையாது, ஊதுபவரின் உதடுகளே அதிர்கின்றன. உதட்டை இறுக்கினால் ஸ்வரம் மேலே ஏறும். ஆனால் படிப்படியாக அல்ல, தாவித் தாவி ஏறும். இடையில் உள்ள ஸ்வரங்களைப் பிடிப்பதற்காகவே மூன்று விசைகள் உள்ளன. விசையை அழுத்தினால் காற்று கூடுதலான குழாய் வழியே சுற்றிவர, ஸ்வரம் தாழும். இந்த அமைப்பு பன்னிரண்டு ஸ்வரத்தானங்களையும் வெட்டுக் கத்தரிப்பாகத் தருவதற்கு உகந்தது. இராகமோ ஸ்வரத்தானங்களில் மட்டும் வாழ்வதில்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றதற்கு எப்படிப் போகிறோம், எங்கே தயங்குகிறோம், எதைத் தொட்டும் தொடாமலும் விடுகிறோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. வடக்கே மீண்ட் என்பார்கள். நாம் கமகம் என்ற பெரிய குடையின் கீழ் அதை வைத்திருக்கிறோம். படிக்கட்டாகக் கட்டப்பட்ட வாத்தியத்தில் சறுக்கிச் செல்வது எப்படி?

ஹஸெல் விசைகளை நம்புவதைக் குறைத்து உதட்டை நம்பத் தொடங்கினார். குரு பாடுவார், இவர் அதை ஊதிப் பார்ப்பார். 1972 இல் குருவுடன் இந்தியாவுக்கும் போய் வந்தார். ஊதுவாயைச் சங்கு ஊதுவது போல் கையாளத் தான் பழகிக்கொண்டதாகப் பின்னாளில் நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார். கல்லூரியில் பெற்ற பளபளப்பான கம்பீர நாதத்தை வேண்டுமென்றே கைவிட்டு, மூச்சு கேட்கும் தாழ்ந்த நாதத்தைத் தேடினார். ஒருவர் முப்பது வயதுக்குப் பின் தன் கைத்திறமையை அழித்து எழுதுவது என்பது சாதாரண விடயம் அல்ல. நம்மில் எத்தனை எழுத்தாளர்கள் அப்படிச் செய்யத் துணிவார்கள்?

இதன்மேல்தான் இலத்திரனியல் வந்து ஏறுகிறது. 1970களில் ஹாமொனைஸர் என்றொரு கருவி ஒலிப்பதிவுக் கலையகங்களுக்கு வந்தது. ஊதும் ஸ்வரத்தை அது வாங்கி, அதே கணத்தில் நான்காம் ஸ்வரத்திலோ ஐந்தாம் ஸ்வரத்திலோ மறுபடி ஒலிக்கும். நீங்கள் ஸட்ஜம் ஊதினால் கூடவே மத்திமமோ பஞ்சமமோ வரும். பியானோவிலும் இதைச் செய்யலாம் என்பீர்கள். ஆனால் ஹஸெல் ஊதியது மீண்ட். ஆகவே ஒரு குரல் சறுக்கும்போது கூடவே மற்றக் குரல்களும் அதே வளைவில் சறுக்கின. தனி ஒருவர் பாடவென்று பிறந்த கமகத்தைக் கூட்டமாகப் பலர் பாடியது போல ஓர் ஒலி. இந்திய சங்கீதத்தில் இது இல்லை. மேனாட்டு ஜாஸிலும் இல்லை. மைல்ஸ் டேவிஸ் 1970 அளவிலேயே ட்றம்பெட்டை மின்கருவிகளோடு இணைத்துவிட்டார் என்பதும், 1972 இல் வந்த அவருடைய ‘ஒன் த கோர்னர்’ ஹஸெலைப் பெரிதும் பாதித்தது என்பதும் உண்மை. ஆனால் மைல்ஸ் மின்சாரத்தைக் கொண்டு கத்த வைத்தார். ஹஸெல் அதைக் கொண்டு முணுமுணுக்க வைத்தார். (இதை வானொலியில் சொன்னபோது இரண்டிலும் சிறு பகுதிகளை ஒலிக்கவிட்டோம். பத்திரிகை வாசகர்கள் என்னை நம்பித்தான் ஆகவேண்டும்.)

1970களின் பிற்பகுதியில் வெளியான ‘வேர்னல் எகுவினொக்ஸ்’ என்ற முதல் இசைத்தட்டிலேயே இவையெல்லாம் உருவாகிவிட்டன. பிரேஸிலின் நானா வாஸ்கொன்ஸெலொஸ் அதில் தாள வாத்தியங்கள் வாசித்தார். மனோதர்மமாகத் தோன்றும் வாசிப்பு, கீழே சுருதி போல் நிற்கும் இலத்திரனியல் ஒலி, நடுவே கைத்தாளம்.

தமது இசைக்கு ஹஸெல் ஒரு பெயர் வைத்தார்: நான்காம் உலகம். மூன்றாம் உலகத்தின் மரபு இசைகளோடு முதலாம் உலகத்தின் தொழில்நுட்பத்தைக் கூட்டினால், மூன்றும் ஒன்றும் நான்கு. கணக்கு சரிதான். இன்ன நாட்டு இசை என்று சொல்ல முடியாத, கற்பனையான ஒரு நாட்டில் வளர்ந்திருக்கக்கூடிய ஓர் இசை என்று அவர் அதை விளக்கினார். எதிர்காலத்தின் கோப்பி நிறச் சாஸ்திரிய இசை என்றும் சொன்னார். 1983 இல் வந்த ‘அகா - டர்பாரி - ஜாவா’ என்ற இசைத்தட்டுக்கு அவர் கொடுத்த உபதலைப்பு ‘மாய யதார்த்தம்’. நேயர் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. கார்சியா மார்க்கேஸையும் லத்தீன் அமெரிக்க நாவல்களையும் பற்றி நாம் பேசும்போது பயன்படுத்தும் அதே சொல். இல்லாத ஊரை உள்ள ஊர்களின் மண்ணெடுத்துக் கட்டுவது நாவலாசிரியன் செய்கிற வேலை. இவர் ஒலியெடுத்துக் கட்டினார். அந்தத் தலைப்பில் அகா என்பது மத்திய ஆபிரிக்கக் காட்டு மக்களின் பெயர். டர்பாரி நாம் அறிந்த இராகம். ஜாவா ஜாவாதான். செனகல் நாட்டு முரசொலியும் அதில் உண்டு.

ஆனால் மண்ணெடுத்தவன் யாருடைய வளவில் எடுத்தான் என்ற கேள்வி இருக்கிறதல்லவா?

என் மனத்தை உறுத்துவது அதுதான். 1981 இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் ‘மலாயாவின் கனவுக் கோட்பாடு’. கில்ற்றன் ஸ்ருவேர்ட் என்ற அமெரிக்கர் இதே தலைப்பில் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. மலாயாக் காடுகளில் வாழும் ஸெனோய் மக்கள் காலையில் எழுந்ததும் குடும்பமாக இருந்து இரவு கண்ட கனவுகளை ஆராய்ந்து, கனவுகளை ஆளப் பழகுகிறார்கள் என்பது அக்கட்டுரையின் சாரம். அழகான செய்தி. ஆனால் அந்த மக்களிடையே நீண்டகாலம் வாழ்ந்து ஆய்வு செய்த மானிடவியலாளர்கள் அப்படி ஒரு வழக்கத்தை அங்கே காணவில்லை. ஹஸெல் எடுத்தாண்டது ஸெனோய் மக்களின் கனவை அல்ல, ஓர் அமெரிக்கர் அவர்களைப் பற்றிக் கண்ட கனவை. அதேவேளை அந்த இசைத்தட்டில் உண்மையான ஒன்றும் உண்டு. பகாங் மாநிலத்தின் தாஸெக் பெரா ஏரிப்பகுதியில் ஸெமெலாய் மக்கள் தண்ணீரைக் கையால் அடித்து எழுப்பும் தாளத்தின் ஒலிப்பதிவை ஆதாரமாக வைத்து ஓர் உருப்படி செய்திருக்கிறார். அந்தத் தண்ணீர்த் தாளம் என்னை இன்றும் கட்டிப்போடுகிறது. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

‘நான்காம் உலகம்’ என்ற சொல்லையே பாருங்கள். கனடாவின் ஆதிக்குடித் தலைவரான ஜோர்ஜ் மானுவெல், மைக்கல் பொஸ்லன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1974 இல் அதே பெயரில் ஒரு நூல் எழுதினார். தமது சொந்த நிலத்திலேயே அரசில்லாதவர்களாகிப்போன ஆதிக்குடிகளை அவர் நான்காம் உலகம் என்றார். ஒருவர் நான்காம் உலகம் என்று இருக்கிற மக்களைக் குறித்தார். மற்றவர் இல்லாத நாட்டைக் குறித்தார். இரண்டு நூலும் தட்டும் என் அலுமாரியில் ஒரே தட்டில் இருக்கின்றன. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பது போல எனக்குப் படுவதுண்டு.

ஹஸெலை வெறும் கவர்ந்து செல்பவராக நான் காட்ட விரும்பவில்லை. ஏனெனில் அவரும் பறிகொடுத்தவர். பிறையன் ஈனோ என்ற ஆங்கிலேய இசைத் தயாரிப்பாளர் ‘வேர்னல் எகுவினொக்ஸ்’ கேட்டு மயங்கி, நியூ யோர்க்கில் இவரைத் தேடிவந்தார். இருவரும் சேர்ந்து 1980 இல் வெளியிட்டதுதான் என் உறையில்லாக் கசற். இருவர் பெயரும் மேலே இருந்தன. ஈனோ புகழ்பெற்றவர் ஆகையால் கடைகளில் அது ஈனோவின் வரிசைக்குப் போனது. அதே ஆண்டில் டோக்கிங் ஹெட்ஸ் குழுவினரின் ‘ரிமெயின் இன் லைட்’ இசைத்தட்டிலும் ஹஸெல் ஊதினார். பின்னர் ஈனோ, அக்குழுவின் டேவிட் பேர்ண், ஹஸெல் மூவரும் சேர்ந்து, இல்லாத ஓர் இனக்குழுவின் ஒலிப்பதிவு போல் ஒன்று செய்வதாக யோசித்தார்கள். முடிவில் ஹஸெல் இல்லாமலே 1981 இல் ‘மை லைஃப் இன் த புஷ் ஒஃப் கோஸ்ற்ஸ்’ வெளிவந்தது. உலகம் முழுவதும் அதைக் கொண்டாடியது. தமது எண்ணத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்ற மனக்கசப்பு ஹஸெலுக்கு நெடுநாள் இருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தத் தலைப்பு நைஜீரிய எழுத்தாளர் அமோஸ் ருருவோலாவின் 1954ஆம் ஆண்டு நாவலினுடையது. நாவலை வாசிக்காமலே பெயரை எடுத்ததாகப் பின்னாளில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எடுத்தவரிடமிருந்து எடுத்தவர்கள், வேறொருவரிடமிருந்து பெயரையும் எடுத்தார்கள்.

ஈனோ 2007 இல் ஆங்கிலப் பத்திரிகையான ‘கார்டியன்’ இல் ஒரு கட்டுரை எழுதினார். ஹஸெலுக்குத் தான் பட்ட கடன் என்பதே அதன் பொருள், தலைப்பும் அதுவே. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து என்றாலும் வெளிப்படையாக எழுதினாரே, அது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

ஹஸெலும் தம் கடனைச் சில இடங்களில் தீர்க்க முயன்றிருக்கிறார். 1988 இல் வந்த ‘ஃபிளாஷ் ஒஃப் த ஸ்பிரிற்’ புர்க்கினா ஃபாஸோ நாட்டின் ஃபரஃபீனா குழுவோடு சேர்ந்து செய்தது. அங்கே ஆபிரிக்கக் கலைஞர்கள் பெயரற்ற பின்னணி ஒலியாக இல்லை. உறையில் ஹஸெலின் பெயருக்குச் சமமாகக் குழுவின் பெயர் நிற்கிறது. கேட்கும்போது ட்றம்பெட்தான் சற்று ஒதுங்கி நிற்பதாகத் தோன்றுகிறது. 1999 இல் வந்த ‘ஃபாஸினோமா’வில் பன்சூரி வாசித்தவர் ரோணு மஜும்தார்.

இன்னுமொரு தொடர்பு, எங்களுக்கு நெருங்கியது. பீற்றர் கேப்றியல் 1989 இல் வெளியிட்ட ‘பஷன்’ இசைத்தட்டின் தலைப்பு உருப்படியில் ஹஸெலின் ட்றம்பெட்டும், நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரலும், எல். சங்கரின் இரட்டை வயலினும் ஒன்றாக ஒலிக்கின்றன. சங்கரின் தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்தவர். அந்தக் குடும்பம் 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இந்தியா திரும்பியது. எங்கள் ஊர் ஒழுங்கைகளில் விளையாடிய பிள்ளையின் வில்லும் மெம்பிஸ் நகரத்து மனிதரின் மூச்சும் ஓர் ஐந்தாறு நிமிடம் சந்திக்கின்றன. இப்படிச் சந்திக்க வைத்ததும் அந்த நான்காம் உலகம்தான் என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இவருக்குப் பின் இந்த வழியில் வந்தவர்கள் பலர். நோர்வேயின் நில்ஸ் பெற்றர் மொல்வேர் 1997 இல் வெளியிட்ட ‘க்மேர்’ கேட்டுப் பாருங்கள். ஹஸெல் வெட்டிய பாதை தெரியும். இவருடைய சமகாலத்தவரான டொன் செறி வேறு பாதையில் போனவர். செறி உலகத்து வாத்தியக்காரர்களோடு கூட இருந்து வாசித்தார். ஹஸெல் கலையகத்தில் இருந்து உலகைச் சமைத்தார். நானா வாஸ்கொன்ஸெலொஸ் இருவருக்கும் வாசித்திருக்கிறார் என்பது சுவையான செய்தி.

ஹஸெலின் முதுமை வசதியாக இருக்கவில்லை. 2009 இல் ரூமியின் கவிதையிலிருந்து தலைப்பெடுத்து ஓர் அருமையான இசைத்தட்டைத் தந்தார். 2018 இலும் 2020 இலும் மேலும் இரண்டு வந்தன. எண்பது வயது தாண்டியவரின் வேலை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 2020 இல் அவருடைய வைத்தியச் செலவுக்கு நண்பர்கள் நிதி திரட்டவேண்டி வந்தது. அவர் ஒலியைப் பின்பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சம்பாதித்திருக்க, அவர் நிலை அதுவாக இருந்தது.

அந்தக் கசற்றின் மூலத்தட்டை இறுவட்டாக நான் வாங்கியது பல ஆண்டுகள் கழித்து, கொழும்புக்கு இடம்பெயர்ந்து வந்த பின்னர். உறையைப் புரட்டி முதலில் பார்த்தது தாளக்காரர்களின் பெயர்களைத்தான். நானா வாஸ்கொன்ஸெலொஸ், பிரேஸில். அயிப் டியெங், செனகல். வாத்தியம் என்ற இடத்தில் கடம் என்று அச்சிட்டிருந்தது. வித்துவானின் காது தப்பவில்லை. சொல்லலாம் என்று ஊருக்கு எழுதினேன். 1995 இடப்பெயர்வின்போது வன்னிக்குப் போனவர், அங்கிருந்து எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்று பதில் வந்தது.